ராய்லியின் மூன்று கண்ணாடி ஜன்னல்

பின்லாந்தின் கயானி நகரத்தில் பஸ் ஓட்டும் ராய்லிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தங்கள் கட்டடத்துக்குக் குளிர் தாங்கும்படி ஒரே சட்டத்தில் மூன்று அடுக்குக் கண்ணாடி போட்ட ஜன்னல்தான் வேண்டும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். முதல் குளிரிலேயே ஜன்னல்களின் உட்பக்கம் தண்ணீர் வழிந்தது. பக்கத்துக் கட்டடத்துக்கும் இதே ஜன்னலா என்று முடிவெடுக்கும் கூட்டம் அன்று மாலை. தோற்றால் அங்கிருப்பவர்கள் பழைய ஓட்டை ஜன்னலோடு இந்தக் குளிர்காலமும் நடுங்க வேண்டியதுதான்.

"என்ன ராய்லி, உன் ஜன்னல் ஒப்பாரி வைக்குதாமே?" என்றான் மாடிப்படியில் எதிர்வீட்டுப் பென்ட்டி.

"உன் வாயை முதல்ல சாத்து, குளிர் உள்ள போவுது."

வீட்டுக்குள் போய் நாற்காலியில் ஏறிப் பார்த்தாள். மேல்சட்டத்தில் வெளிக்காற்று வர விட்டிருந்த இடுக்கு முழுக்கக் காகித டேப். சமையல் ஆவி போக வழியில்லாமல் கண்ணாடியில் வடிந்திருக்கிறது.

"வெய்க்கோ! எவன்யா இதை ஒட்டினது?"

கணவன் தலையைச் சொறிந்தான். "குளிர் வர்றதுக்கு முன்னாடி ஜன்னலுக்கு டேப் ஒட்டுறதுதானே வழக்கம்?"

"அது பழைய ஓட்டை ஜன்னலுக்குய்யா! என் மானத்தையும் சேர்த்து ஒட்டிட்டியே!"

அவனைக் கூட்டத்துக்கு இழுத்துப் போய் எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தாள். சிரிப்பு அடங்குமுன், "நம்ம கட்டடத்துல வேற யார் யார் ஒட்டினீங்க? கையைத் தூக்குங்க!" என்று கத்தினாள்.

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. கடைசியில் பென்ட்டியின் கையும்.

"பெரிய மனுஷங்களாம்! போய்க் கிழிச்சுப் போடுங்க முதல்ல."

அன்று மூன்று கண்ணாடியே ஜெயித்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் வெய்க்கோவுக்குத் திட்டு ஓயவில்லை.