சூட்டுக்கு ஆடும் இலை

காற்றே இல்லாத இடத்தில் தானாக இலையை ஆட்டும் செடி ஒன்றைக் கைபேசியில் பார்த்துவிட்டு, ஆசை தாளாமல் விதை வாங்கினேன். கூரியரில் வந்த விதைகள் கல்லுப் போல இருந்தன. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெந்நீரில் ஊறப்போட்டுத்தான் முளைக்க வைக்க முடிந்தது. அதிலும் ஒன்றுதான் பிழைத்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. மனைவி காலையில் கிண்டிக்கு அலுவலகம் போய்விடுவாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. கிழக்குப் பார்த்த பால்கனியில் வெயில் ஏற ஏற, அந்தச் செடியின் பெரிய இலைகளுக்கு அடியில் காது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி இலைகள் மெதுவாக எழும்பும், வட்டம் போடும், சில சமயம் இரண்டும் ஒன்றையொன்று தொடப்போவது போல நெருங்கும். மீட்டிங்குகளுக்கு நடுவே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாண்ணா இது, காத்தே இல்ல, எல மட்டும் ஆடிக்கினு கீது! நான் பால்கனி பெருக்க மாட்டேன், நீயே பெருக்கிக்க" என்று சொல்லிவிட்டாள்.

எதிர் வீட்டில் மாமியும் மாமாவும் மட்டும். மாமா கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். மகன் அமெரிக்காவில் இருந்தான். ஐப்பசியில் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்து, அடுத்த சில நாட்களிலேயே வென்டிலேட்டரும் வைத்துவிட்டார்கள். மாமிக்குக் கைபேசியில் ஆட்டோ கூப்பிடத் தெரியாது. தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் ஆட்டோ போட்டுக் கொடுப்பேன். அது வரும்வரை ஹாலில் உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தவள் எழுந்து பால்கனிக்குப் போனாள்.

"டேய், இது தொழுகண்ணின்னா! எங்கேந்துடா கெடச்சுது?"

எனக்கு அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியும்.

"கை கூப்பறது பாரு" என்றாள் மாமி. அவளும் கை கூப்பிக்கொண்டாள்.

அன்றைக்கு மருத்துவமனையில் மாமா கண் திறந்து மாமியைப் பார்த்தாராம். திரும்பி வந்ததும் என்னிடம்தான் முதலில் சொன்னாள். மறுநாளிலிருந்து ஆட்டோவுக்கு முன்பே வந்துவிடுவாள். நாற்காலியைப் பால்கனி வாசலில் போட்டுக்கொண்டு, இலைகள் நெருங்கும்வரை காத்திருப்பாள். நெருங்கியதும் கூப்பிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்புவாள். பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வானம் மூடியே கிடந்தது. செடி ஆடுவது குறைந்து, ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டது.

மாமி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ ஓட்டுநர் கீழேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"ஏன்டா ஆடலை?"

"மழை மாமி. குளிர்ந்தா ஆடாது. வெளிச்சமும் சூடும் இருந்தாத்தான் ஆடும். வேற ஒண்ணுமில்ல."

"இன்னிக்கு டாக்டர் ஏதோ பேசணும்னு வரச் சொல்லியிருக்கார். இதைப் பாக்காம நான் போகமாட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொட்டியை அறைக்குள் தூக்கி வந்து, மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். பழைய குண்டு பல்பு, நன்றாகச் சூடேறும். "பாருங்க மாமி, இப்ப விளக்குச் சூட்டுக்கு ஆடும். சூடுதான் காரணம்" என்று தெளிவாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி இலை அசைந்தது. பிறகு அதன் ஜோடி. இரண்டும் நெருங்கின.

"சேந்துடுத்து!" என்றாள் மாமி.

"மாமி, நான் சொன்னேனே, விளக்கு..."

"விளக்கை எடுத்துண்டு வரணும்னு ஒனக்கு யாருடா சொன்னா?"

வேறு ஆட்டோ கூப்பிட்டு ஏற்றிவிட்டேன்.

அன்று மத்தியானம் அவள் மகன் என்னை அழைத்தான். அதுவரை நாங்கள் இரண்டு மூன்று தடவைதான் பேசியிருப்போம்.

"டாக்டர் எங்கிட்டயும் பேசினார். தொண்டையில ஓட்டை போட்டு மெஷினைத் தொடரலாம், இல்ல இதோட விட்டுடலாம், திரும்பி எழுந்து வருவார்னு நம்பிக்கை இல்லைங்கறார். அப்பா இப்படிக் கெடக்க விரும்பமாட்டார், எனக்குத் தெரியும். அம்மா கேக்கமாட்டேங்கறா. உங்காத்துச் செடி கை கூப்பித்துங்கறா." அவன் குரல் உடைந்தது. "எனக்கு இப்ப விசா சிக்கல். கெளம்பி வந்தா திரும்ப உள்ள விடுவாளான்னு தெரியல. நீங்க கொஞ்சம் சொல்லுங்கோளேன், ப்ளீஸ்."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

சாயங்காலம் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமி சமையலறை மேடையோரம் நின்றபடியே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறி கூடப் போடவில்லை.

"மாமி, அது வெறும் செடி. அதை வெச்சு..."

"தெரியும்டா" என்றாள். தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதா? டாக்டர் ரெண்டையும் என் கையில குடுத்துட்டு ரவுண்ட்ஸ் போயிட்டார். பிள்ளை ஃபோன்ல அழறான். நான் எதை வெச்சுண்டு சரின்னு சொல்றது? எதை வெச்சுண்டு வேண்டாங்கறது? யாராவது எனக்குச் சொல்லணும். ஒருத்தரும் சொல்லலை. அது சொல்லித்து."

கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். "தண்ணி எடுத்துத் தரவா மாமி?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். "நீ என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு ஆறவில்லை.

மாமாவுக்குத் தொண்டையில் குழாய் வைத்தார்கள். ஒரு முறை மாமியோடு நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடுகிறாராம், அதனால்தான் என்றார் நர்ஸ். அவர் விரல்கள் மட்டும் போர்வையை நிமிண்டிக்கொண்டே இருந்தன. மாமி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "கட்டிப் போட்டிருக்கா, பாத்தியோ?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஆட்டோவுக்காக அவள் ஹாலுக்கு வரவில்லை. படிக்கட்டில் நின்றபடியே கேட்டாள். பால்கனியில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

மாமா வீடு திரும்பவில்லை. மார்கழி பிறந்த சமயத்தில் போய்விட்டார். மகன் எப்படியோ கிளம்பி வந்து காரியங்களைச் செய்தான். எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தானாகவே பால்கனிக்குப் போனான்.

"இதுவா?"

"இதுதான்."

மொட்டைத் தலையோடு குனிந்து வெகுநேரம் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "ஆடறதே, நெஜமாவே" என்றான். அப்புறம் காபி குடித்தான், அவன் அலுவலகத்தைப் பற்றிப் பேசினோம்.

அவன் திரும்பிப் போனதும், மாமியைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தான். அவளுடைய விசா வந்துசேர வைகாசி ஆகிவிட்டது. அதற்குள் செடி காய்த்து, காய்கள் முற்றியிருந்தன. விதை கொஞ்சம் தரட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"வேண்டாம்டா. அங்க ஒரே குளிர். ஆடாது" என்றாள். அவள் குரலில் கசப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்திருக்கலாம்.

கிளம்பும் நாளில் மாமி வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள், நான் பெட்டிகளைக் கீழே இறக்கினேன். டாக்சி நகரும்போது மாமி கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கண்ணாடியை இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை. மறுபடி சொன்னாள், விரலால் மாடியைக் காட்டினாள். கேஸ் மூடியிருக்கிறதா பார் என்கிறாளா, சாவியைப் பத்திரமாக வை என்கிறாளா, வேறு ஏதாவதா, ஒன்றும் புரியவில்லை. பலமாகத் தலையாட்டினேன். அவளும் திருப்தியாகத் தலையாட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்பியது.