சட்டனில் ஓர் ஓடைக்கரை மேடு

லண்டனின் தெற்கே, சட்டனில் வீடு எடுத்த எங்கள் ஆட்கள் பின்வளவுக்கு நல்ல மண்ணாகப் பார்த்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அருள்மலரோ வளவில் இருந்த மண்ணையும் அள்ளி ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் கல்லைப் போட்டாள்.

அது 2004 ஐப்பசி. ஆஸ்பத்திரி லோண்டரியில் காலை ஷிப்ட் முடித்து வந்தவள், கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். களிமண் மண்வெட்டியை விடுவதாயில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. காலால் தட்டித் தட்டி விழுத்தினாள்.

"சனம் கல்லைப் பொறுக்கி எறிஞ்சுபோட்டு மண்ணைக் கொட்டுது. நீ மண்ணை எறிஞ்சுபோட்டுக் கல்லைக் கொட்டுறாய். உனக்கென்ன விசரே?" சமையலறை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற யாக்கோப்பு கேட்டார்.

"ஓம், விசர்தான். கோப்பையை வைச்சிட்டு அந்த வாளியை இஞ்சால தாங்கோ."

யாக்கோப்பு வாளியைக் கொடுத்தார். இருபது வருட மணவாழ்க்கையில் அவர் மனைவியோடு வாதாடி வென்றது குறைவு. ஆனாலும் வாதாடுவதை அவர் விட்டதில்லை.

இத்தனை பாடும் ஒரு மரக்கன்றுக்காக. கன்றின் பெயர் லார்ச். ஊசி இலை மரம். சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து, போன வருடம் அவர்கள் லண்டனுக்கு வந்தபோது, காரின் பின்னிருக்கையில் மகள் றொசாந்தியின் கால்களுக்கிடையில் ஒரு வாளிக்குள் இருந்தபடி வந்தது. பிரான்ஸின் கலே துறைமுகத்தில் கார் வரிசையில் நின்ற நேரம் றொசாந்தி, "அம்மா, மற்ற ஆக்கள் சொக்லேட் கொண்டு வருவினம்" என்று சொன்னாள். அருள்மலர் வாளியில் ஈரம் இருக்கிறதா என்று கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

மன்னாரில் பிறந்தவளுக்கு மலை என்றால் படம்தான். அந்தப் பள்ளத்தாக்குக்கு அவள் அகதியாகப் போய்ச் சேர்ந்தபோது பனி முழங்கால் வரை கிடந்தது. முதலில் ஒரு ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவினாள். யன்னல் இல்லாத குசினி. ஒரு வைகாசி மாதம், ஊர்க் காட்டில் கன்று நட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, பாஷை பாதி விளங்க, பாதி விளங்காமல் போய் நின்றாள். "பெண் ஆள், குளிர் தாங்குவாளோ" என்று அவர்கள் யோசித்துக்கொண்டு நிற்கையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள். பதினொரு வருடம் அதைவிட்டு வரவில்லை.

அவர்கள் லார்ச் நட்ட இடம் ஓடைக்கரையிலிருந்து ஒரு பனை உயரத்துக்கு மேலே, மேசைபோல மட்டமாகக் கிடந்த மேடு. ஒரு காலத்தில் ஓடை அந்த மட்டத்தில்தான் ஓடியிருக்கிறது. பிறகு தன் படுக்கையைத் தானே அரித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. உருட்டிக் கொண்டுவந்த கல்லையெல்லாம் மேலே விட்டுவிட்டுப் போய்விட்டது. முதல் நாள் மண்வெட்டியை இறக்கியபோது கல்லில் பட்டுத் தோள்வரை அதிர்ந்தது. இதில் என்ன முளைக்கும் என்றுதான் அருள்மலரும் நினைத்தாள்.

மேலே விரலளவு உதிர்ந்த ஊசி இலை. அதன் கீழே கறுப்பாக, பொலபொலவென்று, வெள்ளைப் பூஞ்சண நூல் ஓடிய மண், அதுவும் ஒரு சாணுக்கு மேல் இல்லை. அதற்கும் கீழே மண்ணிறமாக மணலும் உருண்டைக் கல்லும் கலந்து கிடக்கும். ஆழம் போகப் போக மண் குறைந்து கல் கூடும். பனி உருகுகிற காலத்தில் அந்த மேட்டில் காதை வைத்தால், தண்ணீர் கல்லிடுக்கால் இறங்குகிற சத்தம் கேட்கும். எவ்வளவு உருகினாலும் ஒரு சொட்டும் தேங்காது. வேர் அந்தக் கல்லிடுக்கில்தான் கையைக் கொடுத்துப் பிடிக்கும். ஒருமுறை ஓடை பெருகி, கீழே வண்டல் நிலத்தில் நின்ற மரங்களைப் படுக்கப் போட்டுவிட்டது. மேலே கல்லுக்குள் நின்றவை அசையவில்லை. அவள் நட்டவையும் அதில் இருந்தன. அன்றைக்கு அருள்மலர் வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து சிரித்தாள் என்று யாக்கோப்பு இன்றைக்கும் சொல்வார்.

றொசாந்தியின் இங்கிலிஷ் படிப்புக்காக லண்டனுக்கு வந்தார்கள். அருள்மலர் திரும்பவும் யன்னல் இல்லாத ஓர் அறைக்குள் போனாள். இந்த முறை கோப்பைக்குப் பதில் படுக்கை விரிப்பு. அவள் குறைப்படவில்லை. ஆனால் வீடு பார்க்கப் போனபோது அறைகளைப் பார்க்காமல் நேரே பின்கதவைத் திறந்து வளவைப் பார்த்தாள். "எனக்கு இது போதும்" என்றாள்.

முதல் பிழையும் அவளுடையதுதான். மலையில் பட்டினி கிடந்த கன்று, இங்கே வயிறாறச் சாப்பிடட்டும் என்று சட்டன் களிமண்ணில் ஊன்றினாள். மழை பெய்ய, தண்ணீர் அடியைச் சுற்றிக் குளமாய் நின்றது. வெயில் வர, மண் வெடித்தது. அடுத்த கோடைக்குள் இலை மஞ்சளாகிவிட்டது. அப்போதுதான் அவள், கன்றுக்கு ஏற்ற மண்ணை நாங்களே கட்டுவோம் என்று இறங்கினாள்.

குழி வெட்டவில்லை. களியில் வெட்டிய குழி கிணறாகிவிடும் என்று ஒருமுறை பட்டதே அவளுக்குப் போதும். வேலியோரத்துக் களியைச் சரிவாகச் சீவி, தண்ணீர் வடிந்தோடப் பாதை விட்டு, அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு மேடு எழுப்பினாள். அடியில் பெரிய கல், பிறகு சின்னக் கல்லும் மணலும், அதன் மேல் மணல் கூடிய மண், கடைசியாக, வாளியோடு வந்த அந்தக் கறுப்பு மண்ணோடு கன்று. வேர் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வேலியின் நிழல் விழும் பக்கத்தையே எடுத்தாள்.

கல்லும் மணலும் கொடுத்தது கொட்வின். யாக்கோப்பின் தம்பி. ஜேர்மனியில் கட்டட வேலை பழகி, இங்கே வந்து வளவுகளுக்குக் கொங்கிறீற் போடுகிறவன். தெற்கு லண்டனில் தமிழர் வீட்டுப் பின்வளவுகளில் பாதி அவன் கையால் மூடப்பட்டவை. சீமெந்தோடு கலக்கிற கல்மணலைத் தன் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான்.

"மச்சாள், இதுக்குள்ள கொஞ்சம் சீமெந்தும் போட்டீங்களெண்டா என்ர வேலை முடிஞ்சுது."

"உன்ர வேலையை நீ ஊரெல்லாம் செய். என்ர வளவை விடு, தம்பி."

"விடுறன், விடுறன். ஒரு நாளைக்கு அண்ணை என்னைக் கூப்பிடுவார்."

அண்ணை கூப்பிடத்தான் செய்தார். நத்தாருக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்த நேரம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே லார்ச் ஓர் இலையுமில்லாமல் குச்சியாக நின்றது. கார்த்திகையில் மஞ்சளாகி எல்லாம் கொட்டிவிட்டது.

"கிறிஸ்மஸ் மரம் எண்டா பச்சையா நிக்கவேணும். மச்சாளின்ர மரம் எலும்புக்கூடு மாதிரி நிக்குது" என்றான் கொட்வின்.

"இட்ஸ் டெட், அம்மா. சாறி" என்றாள் றொசாந்தி.

"சாகேல்லை. அந்த மலையில ஊசி இலை மரங்களுக்குள்ள இது ஒண்டுதான் குளிருக்கு இலை கொட்டுறது. வசந்தத்தில திரும்ப வரும்."

யாக்கோப்பு அன்றைக்குச் சபையின் தைரியத்தில் இருந்தார். "இஞ்சேர் அருள், வளவில சேறு. கால் வைக்க ஏலாது. ஒரு கதிரையைப் போட்டு இருக்க எனக்கும் ஆசை இராதே? ஒரு முடிவு சொல்லு. உயிர்த்த ஞாயிறுக்குள்ள உது பச்சை விட்டா வளவு உனக்கு. விடாட்டி கொட்வின் முழுக்கப் போடட்டும்."

"சரி" என்றாள் அருள்மலர். யோசிக்காமல் சொன்னாள். உயிர்த்த ஞாயிறு என்கிற ஈஸ்டர் சித்திரையில் வரும், லண்டனில் சித்திரைக்கு லார்ச் தளிர்த்துவிடும் என்பது அவள் கணக்கு.

மாசி பிறந்ததும் தமிழ்ப் பூசையில் சுவாமி, "வாற புதன் விபூதிப் புதன்" என்று அறிவித்தார். அருள்மலர் இருந்த இடத்திலேயே, அன்று தொடங்குகிற தவக்காலத்தை விரல்விட்டு எண்ணினாள். அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு பங்குனிக்குள் விழுந்தது. சிலுவைப் பாதையும் பெரிய வெள்ளியும் பிசகாமல் அனுசரிக்கிறவள், அந்த நாள் வருடா வருடம் இடம் மாறுகிறது என்பதை, ஒரு மரத்தின் உயிரைப் பேசும்போது மறந்துபோனாள்.

பஸ்ஸில் திரும்பும்போது யாக்கோப்பும் அதைக் கண்டுபிடித்திருந்தார். "ஈஸ்டர் வெள்ளனக் கிடக்கு. நீ வேணுமெண்டா…"

"வேண்டாம். சொன்னது சொன்னதுதான்."

அவள் அப்படித்தான். ஆனால் கவலை இல்லாமல் இல்லை. அந்தப் பங்குனி தொடக்கத்தில் பனி கொட்டியது. ஷிப்டுக்குப் போகுமுன் சப்பாத்தோடு வளவுக்குள் இறங்கி, ஒவ்வொரு கிளையாகத் தொட்டுப் பார்ப்பாள். மொட்டுகள் மிளகுபோல இறுகிக் கிடந்தன. வளவும் மூடப்பட்டால் தனக்கென்று கால் வைக்க மண்ணே இல்லை, வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் நிலமெல்லாம் ஓடுதான் என்று ஒரு நாள் றொசாந்தியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, இன்னொருவருடைய கதையைச் சொன்னவள்போலக் கறி கிளறப் போய்விட்டாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை காலை, கொட்வின் வானும் சீமெந்து மிக்சரும் கல்மணல் மூட்டைகளுமாய் வந்து இறங்கினான். லார்ச்சில் பச்சை இல்லை.

"மச்சாள், கோவிக்கக் கூடாது."

"நான் ஏன் கோவிக்கிறன்? ஒண்டு மட்டும். மரத்தை நான்தான் கிளப்புவன். நீ மண்வெட்டியாலை வெட்டிப் போடுவாய்." பழைய வாளியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். முட்டுக்காலில் இருந்து, அடியில் கிடந்த இலைச்சருகை ஒதுக்கி, கையாலேயே கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறகு தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

"விடுங்கோ மச்சாள், நான் ஒரு இழுவை." கொட்வின் வந்து பிடித்தான். சீமெந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற ஆள். முகம் சிவந்ததே தவிர மரம் வரவில்லை. மேட்டின் ஓரத்தில் மட்டும் கொஞ்சக் கல் சரிந்தது.

சரிந்த இடத்தில் வேர் தெரிந்தது. கல்லைச் சுற்றி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே புகுந்து, வாளியின் அளவைத் தாண்டி எங்கோ போயிருந்தது. நுனிகள் புதிதாக, வெள்ளை வெளேரென்று, அவித்த இடியப்ப நூல்போல இருந்தன. கறுப்பு மண்ணிலிருந்து அந்தப் பூஞ்சண நூலும் கூடவே இறங்கியிருந்தது. முதல்நாள் மழை பெய்திருந்தது. ஆனால் கல்லுக்குள் தண்ணீர் நிற்கவில்லை. ஈரம் மட்டும் இருந்தது.

அருள்மலர் வாளியைத் தள்ளி வைத்தாள். நுனி காய்ந்துவிடும் என்று தன் கம்பளிச் சால்வையைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் போட்டாள்.

கொட்வின் குந்தியிருந்து பார்த்தான். ஒன்றை ஒன்று பிடித்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அவனுடைய தொழில். கல்லொன்றை விரலால் அசைத்துப் பார்த்தான்.

"அண்ணை, இஞ்ச வாங்கோ. நான் குடுத்த அதே கல்லுமணல். சீமெந்தில்லாம இறுகிப் போய்க் கிடக்கு. இதை நான் உடைக்க மாட்டன்."

"பச்சை எண்டெல்லோ கதை" என்று இழுத்தார் யாக்கோப்பு.

"பச்சை மேல வராட்டி என்ன, கீழ வெள்ளை வந்திட்டுது. செத்த மரத்துக்கு இப்பிடி வேர் ஓடுமே?"

யாக்கோப்பு மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் முட்டுக்காலில் இருந்தபடி, எடுத்த கல்லை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். "சொன்னது சொன்னதுதான். நீங்கள் போடுறதெண்டா போடுங்கோ" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர் சமையலறை வாசலிலிருந்து நடந்து வந்து, இரண்டு கதிரை போடத்தக்க தூரத்தில் நின்று, சப்பாத்துக் குதியால் சேற்றில் ஒரு கோடு கிழித்தார்.

"கொட்வின், இதுவரைக்கும் போடு. அங்கால தொடாத."

சித்திரையில், மொட்டு ஒவ்வொன்றும் வெடித்துச் சின்னத் தூரிகைபோலப் பச்சை விட்டது. தன் கொங்கிறீற்றில் கதிரை போட்டு இருந்த யாக்கோப்புத்தான் அதை முதலில் கண்டார். உள்ளே ஓடிப்போய் அருள்மலரைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு வந்து, நின்று பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

பிறகு யாக்கோப்பு, வேலியோரத்தில் மிஞ்சிக் கிடந்த கல்மணல் மூட்டைகளைக் காட்டிக் கேட்டார்:

"மரத்துக்கு இன்னும் கல்லுப் போடவேணுமே?"