மிதித்தும் பிடிக்காத பிரேக்

விபத்துக்கு மறுநாள், மோட்டார் வாகன ஆய்வாளர் அந்த வேனில் ஏறி பிரேக்கை மிதித்தார். பின்னால் நின்று தள்ளிய நாலு பேரில் நானும் ஒருவன். சக்கரம் அசையவில்லை.

"பிரேக் நல்லாத்தான இருக்கு. டிரைவர் அசந்துட்டான்" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் பட்டறைக்குத் திரும்பினேன்.

அப்போது பெரம்பலூரில் எனக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. வேன் ஓட்டிய செல்வம் வேப்பந்தட்டைக்காரர். பழைய வண்டியில் சின்ன வெங்காயம் ஏற்றி மார்க்கெட்டுக்கு வருவார். விபத்துக்கு முந்தின நாள் வந்திருந்தார்.

"அண்ணே, பெடல் ரொம்ப கீழ போவுது. தொட்டதும் புடிக்கிற மாதிரி வச்சுக் குடுங்க."

விரலால் அழுத்தினால் பெடல் கொஞ்சம் சும்மா இறங்க வேண்டும். அதுதான் ஃப்ரீ பிளே. அது இருந்தால்தான் காலை எடுத்ததும் பிரேக் ஆயிலை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் முழுசாகத் திரும்பி, பிரேக் விடும். பெடல் கீழே போவது சக்கரத்துக்குள் உரசிப் பிடிக்கிற லைனிங் தேய்ந்ததால் என்று எனக்குத் தெரியும். நாலு சக்கரத்தையும் கழற்ற வேண்டும். அவருக்கு அவசரம், எனக்கு அலுப்பு. பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளுகிற புஷ் ராடை மட்டும் திருகி நீட்டி, லாக் நட்டை இறுக்கிவிட்டேன். பெடலில் ஆட்டமே இல்லை.

"இப்பத்தாண்ணே கல்லு மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் காலை வழியிலிருந்து போன் செய்தார். "வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணே. சக்கரத்துல டிரம்மு கொதிக்குது, கை வைக்க முடியல."

"ஒண்ணும் ஆவாது. மெதுவா ஓட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டோரம் நின்ற டிப்பர் லாரியின் பின்னால் வேன் மோதியது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சரோஜா அங்கேயே இறந்துபோனார். ஏற்றி வந்த வெங்காயம் அவர் காட்டில் விளைந்தது.

நடந்தது எனக்குப் புரிந்தது. பிரேக் விடாமல் உரசி, சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறுமனே இறங்கியிருக்கிறது. ராத்திரியில் ஆறியதும் பழையபடி பிடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வத்துக்கு வலது கால் முறிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மிதிச்சேண்ணே. ரெண்டு தடவ மிதிச்சேன். ஆனா எல்லாரும் சொல்றதக் கேட்டா, மிதிக்கவே இல்லையோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"மிதிச்சீங்க செல்வம். தப்பு என்னோடது" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். மோட்டார் வாகன ஆய்வாளர் மறுபடி வந்து ராடை அளந்து பார்த்தார். வழக்கு என் பெயருக்கு மாறியது. பட்டறையை மூடினேன். இப்போது அரியலூரில் இன்னொருவர் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெடல் கீழே போனால் முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள். ராடைத் தொடுவது கடைசி வேலை.

கோர்ட்டு வாசலில் சரோஜாவின் கணவர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்த நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாத்திருந்தா எவ்ளோ நேரம் ஆயிருக்குங்க?"

"அரை நாள் ஆவுங்க" என்றேன்.

"அரை நாளா" என்றார்.