புகைப்பெட்டிக் கதவில் பட்டையா, நாமமா

என் மகளைக் கட்டிய பையனின் தகப்பனை எனக்குப் பிடிக்காது. இதைப் பூசி மெழுகி எழுத எனக்குப் பொறுமையில்லை. மீட்டர்கேஜ் காலத்தில் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு மொட்டை போடப் போன கூட்டத்தை இழுத்த நீராவி இஞ்சின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதை மீட்க, ஓய்வுபெற்ற எங்கள் இருவரையும் ரேணிகுண்டாவுக்குக் கூப்பிட்டார்கள். நான் பாய்லர் ஃபிட்டர். சம்பந்தி டிரைவர்.

பாய்லருக்குள் இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் புதிது போட்டவன் நான். என் முட்டியும் முதுகும் அதில்தான் போயின. அப்போதெல்லாம் அவர் மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். யார்டில் துண்டுத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதில் ஒருமுறை ஓட்டிக் காட்டினால் சுற்றுலாக்காரர்களுக்காக இஞ்சின் தொடர்ந்து ஓடும், இல்லையென்றால் மேடையேற்றிப் பொம்மையாக நிறுத்திவிடுவோம் என்று ரயில்வே அதிகாரி சொல்லியிருந்தார். அது ஓடுவதைப் பார்க்காமல் என் கட்டை வேகாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

ஓட்டிக் காட்டும் நாளும் வந்தது. அதிகாரியும் வந்துவிட்டார். நெருப்பு மூட்டி, நீராவியும் ஏறிவிட்டது. ஓட்டுவதற்கு முன் பூசை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தால், இஞ்சினின் முகமான புகைப்பெட்டிக் கதவில் சம்பந்தி விபூதிப் பட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் காளாஸ்திரி சிவன் பக்கம். நாங்கள் நாமம் போடுகிற குடும்பம். கல்யாணத்தில் போட்ட சண்டையில் மிச்சம் இருந்தது.

"திருப்பதி வண்டிக்குப் பட்டையா? அழிங்க சம்மந்தி!"

"காளாஸ்திரிக்கும்தான் போய்க்கினு இருந்துச்சு. பொண்ணு குடுத்தவருக்கு இன்னா இவ்ளோ வாயி?"

"பொண்ணத்தான் குடுத்தேன். நெத்தியயுமா குடுத்தேன்?"

ஈரத்துணியால் பட்டையை அழித்தேன். அவர் என் திருமண் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். தலைக்கு மேலே சேஃப்டி வால்வு சீறிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினோம்.

நெருப்பறையின் கூரையில் ஈயம் அடைத்த திருகு ஒன்று உண்டு. அதற்கு மேலே தண்ணீர் நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகும். அந்த ஓட்டை வழியாக நீராவி பீறிட்டு நெருப்பை அடக்கும். பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றும் ஏற்பாடு அது. கண்ணாடிக் குழாயில் மட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் ஏற்றவேண்டியது டிரைவர் வேலை. டிரைவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இறங்கி ஈயம் உருகியது. உள்ளே பெருஞ்சீறல், நெருப்பு அவிந்தது. சாம்பலும் நீராவியுமாக எங்கள் முகத்தில் அடித்தது. இஞ்சின் ஓரடிகூட நகரவில்லை. "சாலய்யா, சாலு," போதுமென்று தெலுங்கில் சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறினார். எனக்கு அழுகை வந்தது. சம்பந்தியின் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

இப்போது அது மேடையில் நிற்கிறது. புகைப்பெட்டிக் கதவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பட்டையும் இல்லை, நாமமும் இல்லை. போன மாதம் பேரனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். சம்பந்தியும் வந்து நின்றார்.

"தாத்தா, இது ஏன் ஓடல?" என்று பேரன் கேட்டான்.

"அவரக் கேளு," என்றேன். அதே மூச்சில் அவரும் என்னைக் காட்டி அதையேதான் சொன்னார்.