பின்வலது

வெர்லின் டாக்கெட் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆர்.ஆர். என்றால் தெரியும். கார் ஆலைக்காரர்கள் பேச்சில் ஆர்.ஆர். என்றால் பின்பக்கம், வலதுபுறம். ஆற்றோர ஆலையில் பத்தொன்பது வருஷம் அவர் நின்ற இடம் அதுதான். நகர்ந்து வரும் வண்டியின் டிக்கிக்குள் தலையை விட்டு, வலது மூலையில் கம்பளத்தை விரித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, பிளாஸ்டிக் ஆணி குத்தி, தலையை வெளியே எடுக்க வேண்டும். அதற்குள் அடுத்த வண்டி வந்திருக்கும். இடதுபுறத்தில் நின்ற ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இவர் மட்டும் அசையவில்லை. கழுத்தே கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார்கூட ஒருமுறை "வாங்க ஆர்.ஆர்." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அவர் பின்வலதுதான்.

நான் பெர்னடீன் வொய்டாஸ். ஃபோர்ட் தெருவில் டுவெய்ன் கிஷ் நடத்தும் பழைய கார் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். கார் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள், விற்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். அதனால் எனக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. பின்வலது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறிப் போனேன்.

அவர் செய்த வண்டி சாதாரண வண்டி அல்ல. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். பொத்தானை அழுத்தினால் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். சிவப்பு விளக்கு பச்சையாகும்போது அந்த வண்டி கிளம்புவதைப் பார்க்கவே எங்கள் ஆட்கள் கோடைக்காலச் சாயங்காலங்களில் தெருவோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார்கள். பின்வலதுக்கு அதில் ஒன்று வேண்டும். அதைத் தவிர வாழ்க்கையில் அவர் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

புதிதாக வாங்கியிருக்கலாம், ஆலை ஆட்களுக்குத் தள்ளுபடி உண்டு. ஆனால் வீட்டுக் கூரை ஒழுகியது, பிறகு பெண்ணின் பல்லுக்குக் கம்பி, பிறகு மறுபடி கூரை. தவிர அவரிடம் ஒரு கணக்கும் இருந்தது.

"புது வண்டி ஷோரூம் வாசலத் தாண்டினதுமே விலை விழுந்துரும் பெர்னி. அந்த நஷ்டத்த எவனோ படட்டும். நான் மூணு நாலு வருஷம் கழிச்சு வாங்கிக்கறேன்" என்பார்.

உலகத்தில் எல்லா வண்டிக்கும் சரியான கணக்கு. இந்த வண்டிக்கு மட்டும் தப்பிப்போனது. எட்டு சிலிண்டர் இதோடு முடிந்தது, இனி மின்சாரம்தான் என்று கம்பெனி அறிவித்ததும் ஆட்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வாங்கியவர்கள் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கராஜில் பூட்டி வைத்தார்கள். அடுத்து வந்த மின்சார வண்டிக்கு உறுமல் கிடையாது என்பதால் ஒலிபெருக்கி வைத்து உறும விட்டார்கள். "ரேடியோ வாங்க எதுக்குடா இவ்ளோ காசு" என்று டுவெய்ன் கேட்டான். அதன் விலை ஒரே வருஷத்தில் தரைக்கு வந்தது. பழைய எட்டு சிலிண்டரோ புதிதாக விற்ற விலையையும் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

ஆலையில் அந்த வண்டி செய்யும் வரிசை மூடப்பட்டதும் பின்வலது ஓய்வு பெற்றார். அதிலிருந்து ஐந்து வருஷமாக, சனிக்கிழமை காலை தவறாமல் கடைக்கு வருவார். காலை வணக்கமெல்லாம் கிடையாது.

"வெல எறங்கிச்சா?"

"இல்லப்பா."

"சரி." ஒரு காபி குடித்துவிட்டு, சக்கர மூடி ஒன்று காணாமல் போன மினிவேனில் மனைவி ஓபலோடு கிளம்பிவிடுவார். ஓபல் வேனை விட்டு இறங்கவே மாட்டாள். கண்ணாடியை மட்டும் இறக்கி என்னிடம் கேட்பாள்: "என் சக்களத்தி வந்தாளா இல்லியா?"

இந்த ஏப்ரலில் வந்தாள். கருநீல நிறம். ஓட்டி வந்தவள் ஜோலீன் ஹேவர் என்ற நர்ஸ். வண்டி அவள் தம்பி டாரலுடையது. குளிர்காலத்தில் மாரடைப்பில் செத்துப்போன டாரல், அதை அக்காவுக்கு விட்டுப் போயிருந்தான். நாங்கள் விற்றுக் கொடுத்து கமிஷன் எடுத்துக்கொள்வது என்று பேச்சு. நல்ல நிலையில் எழுபதாயிரம் டாலருக்குக் குறையாது.

டுவெய்ன் வண்டியைச் சோதித்தான். மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று அதன் கனத்தை அளக்கும் கருவியால் பயனில்லை. டாரல் கீறல் விழாமலிருக்க வண்டி முழுக்கக் கண்ணாடிப் படலம் ஒட்டியிருந்தான். அதனால் டுவெய்ன் வழக்கம்போல டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தான். வலது மூலையில், இரும்பின்மேல், மஞ்சள் மார்க்கரால் எழுதியிருந்தது: வி.டி. 19 ஆர்.ஆர்.

"போச்சு" என்றான். "இங்க வந்து பாரு பெர்னி. ஒடச்ச வண்டி விக்கிறவன் எழுத்து. ஆர்.ஆர்.னா பின்பக்க வலது. மத்தது அவன் ரேக் நம்பரு. எவனோ வந்து இடிச்சிருக்கான். அந்தப் பக்கத்தையே அறுத்தெடுத்துட்டு, வேற செத்த வண்டியோடத கொண்டாந்து ஒட்டியிருக்காங்க. இன்சூரன்ஸுக்குப் போகாம ரொக்கமா குடுத்து முடிச்சிருப்பான், அதான் வண்டியோட ரிப்போர்ட்ல எதுவும் வரல."

அவனைக் குறை சொல்ல முடியாது. பழைய பாகம் விற்கிறவர்கள் எல்லோரும் மஞ்சள் மார்க்கரில் அப்படித்தான் எழுதுவார்கள். நான் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜோலீன் நம்பவில்லை. "என் தம்பி மழை தூறினாக்கூட இத வெளிய எடுக்க மாட்டான் சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

"ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னான் சார். 'அக்கா, ஒரு கீறல் கெடையாது, யார்கிட்டயும் ஏமாந்துடாத'ன்னு. சாகறப்போ கூடவா பொய் சொல்வான்?"

டுவெய்ன் தோளைக் குலுக்கினான். இரண்டு வாரம் எவரும் வாங்கவில்லை. இடிபட்ட வண்டி என்று சொன்னதும் வந்தவர்கள் கை குலுக்கிவிட்டு நழுவினார்கள். கடைசியில் முன்கண்ணாடியில் மஞ்சள் மார்க்கரால் நாற்பத்தைந்தாயிரம் என்று எழுதினான். நான் போனை எடுத்தேன்.

"பின்வலது, எறங்கிடுச்சு."

போனை அப்படியே போட்டுவிட்டுப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஓபலின் குரல்: "என்னடி சொன்ன அவர்கிட்ட? மனுஷன் சட்டைய மாத்திக்கிட்டிருக்காரு!"

இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இடித்த வண்டி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "பரவால்ல, நானும்தான் இடிபட்டவன்" என்று சிரித்தார். வண்டியைச் சுற்றி வந்தார், கையை வைக்கவில்லை. டிக்கியைத் திறந்து, பழக்க தோஷம், வலது மூலைக் கம்பளத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். விட்ட தலை வெளியே வரவில்லை.

"என்னய்யா, உள்ளயே தூங்கிட்டியா?" என்றான் டுவெய்ன்.

தலையை எடுத்தார். முகம் சிவந்திருந்தது. கம்பளத்தை விரித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சரிசெய்தார். ஆசை நிறைவேறப்போகிற ஆள் பேச்சு வராமல் நிற்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

கையெழுத்துப் போட ஜோலீனும் வந்திருந்தாள். மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். சும்மா இருக்க முடியாமல் அவர் கேட்டார்: "தம்பிக்கு வண்டி மேல ரொம்பப் பிரியமோ?"

"பிரியமா? என்கிட்ட பொய் சொல்ற அளவுக்குப் பிரியம்" என்றாள் அவள். "இவங்க இந்த இடிச்ச கதையச் சொன்னதுலேருந்து அவன் கல்லறைக்கே நான் போகல. பூ வாங்கினேன். வாங்கி, கார்லயே காஞ்சுபோச்சு. போயி அவன்கிட்ட என்னத்தப் பேசறது?"

பின்வலது பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியே வேனைப் பார்த்தார். ஓபல் சாண்ட்விச் தின்றுகொண்டு கருநீல வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெர்னி, அந்த மஞ்ச மார்க்கரக் குடு."

"எதுக்கு?"

"குடேன்."

வாங்கிக்கொண்டு நேரே வண்டியிடம் போனார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். முன்கண்ணாடியில் விலைக்குக் கீழே, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, நிதானமாக எழுதினார்: வி.டி. 19 ஆர்.ஆர்.

"வெர்லின் டாக்கெட், பத்தொம்போது வருஷம், பின்வலது" என்றார். "எழுதினது நான்தாம்மா. வரிசைய மூடின வாரம் கடைசி வண்டியில ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. அங்க ஒரே தள்ளுமுள்ளு, எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. அதுக்கு ரெண்டு நாள் முந்தி வந்த ஒரு வண்டியில, கம்பளம் போடறதுக்கு முன்னாடி, யாருக்கும் தெரியாம இத எழுதினேன். இந்த வண்டிய எவனும் இடிக்கல. ஒங்க தம்பி பொய் சொல்லல."

ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். டுவெய்ன் டார்ச்சை எடுத்துக்கொண்டு டிக்கிக்குப் போனான், முன்கண்ணாடிக்கு வந்தான், மறுபடி டிக்கிக்குப் போனான். இரண்டு இடத்திலும் ஒன்பதின் வால் ஒரே மாதிரி இடப்பக்கம் சுழித்திருந்தது. சட்டைக் கையால் நாற்பத்தைந்தாயிரத்தைத் துடைத்தான்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஐந்து வருஷம் காத்திருந்த மனிதர், ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நானாக இருந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஓபல் அன்று வேனை விட்டு இறங்கினாள். கண்ணாடியில் இருந்த எழுத்தைப் படித்தாள், துடைத்த இடத்தைப் பார்த்தாள். கேட்காமலே புரிந்துகொண்டாள்.

"பேருதான் பின்வலது, வாய் மட்டும் முன்னாடி வந்து நிக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். இஸ்திரி போட்டது அவள்தான்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. டொலிடோவில் ஒருவர் இந்த மாதிரி வண்டிகளைச் சேர்க்கிறார், ஓட்டுவதில்லை. செய்த ஆளின் எழுத்து உள்ளே இருக்கிறது என்று கேட்டதும், எழுபதுக்குமேல் இன்னும் பத்து தருகிறேன் என்றார். எழுதியது நான்தான் என்று அந்த ஆளே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். பின்வலது போட்டுக் கொடுத்தார். தனக்கு எட்டாமல் போன வண்டியின் விலையைத் தன் கையாலேயே இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டார்.

டொலிடோக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இனி அந்த வண்டியை ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது, மூடிய லாரி அனுப்புகிறேன் என்று. லாரி சனிக்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை ஜோலீன் வந்தாள். தம்பி கல்லறையிலிருந்து நேரே வருகிறாள், ஷூவில் சேறு. சாவியைக் கேட்டாள்.

"எதுக்கும்மா?" என்றான் டுவெய்ன்.

"பணம் இன்னும் வரல, வண்டி இன்னும் என் பேர்லதான் இருக்கு. குடுங்க."

வழக்கம்போல காபிக்கு வந்திருந்த பின்வலதைப் பார்த்து, "ஏறுங்க அண்ணே" என்றாள். "அண்ணி, நீங்களும் வாங்க."

முன் இருக்கைக் கதவைத் திறந்து பிடித்தாள். அவர் அந்த இருக்கையை மடக்கி, குனிந்து, முனகி, பின்பக்கம் வலது மூலையில் போய் உட்கார்ந்தார். இரண்டு கதவு வண்டியில் பின்னால் மனுஷன் உட்கார இடமேது? முழங்கால் தாடையைத் தொட்டது.

"யோவ், முன்னாடி வாய்யா" என்றாள் ஓபல்.

"நீ உக்காரு. என் எடம் இதுதான்."

ஓபல் சக்களத்தியின் முன் இருக்கையில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். ஜோலீன் பொத்தானை அழுத்தினாள். கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. ஃபோர்ட் தெருவில் இறங்கி, விளக்கு பச்சையானதும் அவள் மிதித்த மிதியில் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு சுற்று போய் வந்து கடை வாசலில் நிறுத்தினாள். இறங்குவார் என்று நான் கதவருகே போனேன். ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டுவெய்ன் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தான். "போதும்மா! நீ ஓட்ற ஒவ்வொரு மைலுக்கும் வெல எறங்குது!"

பின் இருக்கையின் வலது மூலையிலிருந்து பதில் வந்தது: "எறங்கட்டும்டா. அஞ்சு வருஷமா நான் அதத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன். நீ இன்னொரு ரவுண்டு போம்மா."