மாமா போட்ட ரெட்டைப் பின்னல்

எங்கள் வகையறாவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என் தாய்மாமாதான். அதற்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அப்பா மட்டும் ஆரணிக்கு வந்து பட்டுநூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். மாமா போலீஸில் சேர்ந்ததும் அம்மாவின் நடையே மாறிவிட்டது. குழாயடியில் சண்டை வந்தால், தன் தம்பி யார் தெரியுமா என்றுதான் ஆரம்பிப்பாள். எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஏழு வயது.

மாமாவுக்கு வேலை வேறு ஊரில். லீவில் வந்தால் திருடனைப் பிடித்த கதை சொல்லச் சொல்லி நச்சரிப்பேன். ஒன்றுகூடச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாகத் தலை பின்னிவிடுவார். நேராக வகிடெடுத்து, அப்பா கொண்டுவரும் அறுந்த பட்டுநூலை நுனியில் கட்டி அவர் போடும் ரெட்டைப் பின்னல் சாயங்காலம் வரை கலையாது. அம்மா போட்டால் பள்ளிக்கூடம் சேர்வதற்குள் ஒன்று காதுக்கு மேலே ஏறிவிடும்.

எங்கே கற்றுக்கொண்டார் என்று ஒருநாள் கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா வீட்டுப் பாப்பாவுக்குத் தினமும் அவர்தான் பின்னிவிடுகிறாராம். பால் வாங்குவது, துணி துவைப்பது, நாயைக் குளிப்பாட்டுவது எல்லாமே அவர்தானாம். ஸ்டேஷன் பக்கம் போயே ஒரு வருஷம் ஆகிறதாம்.

"அம்மாகிட்ட சொல்லாத கண்ணு" என்றார்.

நான் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நான் கெட்டி.

அடுத்த லீவில் மாமாவுக்குப் பெண் பார்க்கத் தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறினோம். அன்றும் அவர்தான் எனக்குப் பின்னிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்குச் சொந்த நிலம், கிணறு எல்லாம் இருந்தது. எங்களிடம் சம்பந்தம் தேடி வரவேண்டிய ஆளே இல்லை. ஏன் வந்தார் என்பதை அவரே மறைக்காமல் சொன்னார். கிணற்று மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறார். வெள்ளைத்தாள் வாங்கிவரச் சொன்னார்கள்; வாங்கிப் போனார். உட்காரச் சொன்னார்கள்; பொழுது சாயும்வரை உட்கார்ந்தார். கடைசியில், வந்து பார்க்க ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தத்தில் ஒரு போலீஸ்காரர் இருந்தால்தான் தன் பேச்சு எடுபடும் என்று அன்றைக்கு முடிவுகட்டினாராம். அம்மா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுவாக்கில் பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பி, பின்னல் அழகாக இருக்கிறதே, அம்மா போட்டாளா என்று கேட்டார். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதானே மாமா சொன்னார். இவரிடம் சொல்ல என்ன தடை? அம்மா பக்கத்திலேயே இருந்தது என் புத்திக்கு எட்டவில்லை. மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த பெருமையை மொத்தமாகக் கொட்டினேன். பின்னல், பால், துணி எல்லாம் சொன்னேன். நாயின் பெயரையும் விடவில்லை.

பெண்ணின் அப்பா கோபப்படவில்லை.

"வர்றதுக்கு ஆளு இல்லன்னாங்க" என்றார் மெதுவாக. "ஆளுங்கல்லாம் எங்க கீறாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர் கடைசிவரை அனுப்பவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. ஐயா வீட்டு வேலை வேண்டாம், ஸ்டேஷன் வேலையே போதும் என்று எழுதிக் கொடுத்த போலீஸ்காரர்களை எந்த மூலைக்குத் தூக்கிப் போடுவார்கள் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது. அதில் கொஞ்சம் என்மேலும்தான்.

மறுநாள் காலையில் சீப்பும் சிவப்புப் பட்டுநூலுமாக மாமாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மாவைப் போட்டுவிடச் சொல் என்று சொல்லிவிட்டு எழுந்து பெட்டியை அடுக்கப் போனார். முந்தின நாள் பின்னும்போது நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்தக் கோபம்தான் என்று நினைத்தேன்.

"இனிமே தலய ஆட்டமாட்டேன் மாமா" என்றேன்.

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை, சொன்னபடியே, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.