தாராவிக்கு ஒரு புயல் தந்தி

1963 ஜூன் 12, புதன், காலை 7.10. மாட்டுங்காவில் அக்கா வீட்டிலிருந்து தாராவிக்கு நடந்தேன், ஒரு மைல். தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரர் ஒருவர், பம்பாயிலுள்ள தம் அண்ணன் சுடலைமுத்துவுக்குக் கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் போத்தல் என் பையில் இருந்தது. சுடலையின் மனைவி பேச்சி இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார். குடிசை மாஹிம் உப்பங்கழியோரம், கடைசி வரிசை. மழை இல்லாத அன்றும் தரை ஈரமாக இருந்தது.

சுடலை சாந்தா குருஸ் விமான நிலையத்தில் விமானம் கழுவும் கூலி. "வாங்க அண்ணாச்சி, நம்ம பிளேனைக் காட்டுதேன்" என்று கிளம்பினார்.

8.35. மாஹிமிலிருந்து லோக்கல் ரயிலில் சாந்தா குருஸ். கம்பி வேலிக்கு அப்பால் நான்கு எஞ்சின் விமானம் ஒன்று நின்றது, அமெரிக்கர்களுடையது. வயிற்றில் ராடார் புடைத்திருந்தது. புயலைக் கண்டால் மற்ற விமானங்கள் விலகிப் போகும். இது உள்ளே நுழைந்து, காற்றையும் அழுத்தத்தையும் அளந்துகொண்டு திரும்பும். இதையெல்லாம் பத்திரிகையில் படித்திருக்கிறேன்.

"கடல்மேல தாழப் பறக்கும்லா? வந்து நிக்கும்போது கருவாடு மாதிரி உப்பு" என்றார் சுடலை. "புயல் எங்க நிக்கி, எங்க போவுதுன்னு அதுக்குத் தெரியும். கழுவுதவன்ட்ட சொல்லுமா?"

"சொன்னா என்ன செய்வீங்க?"

"நாலு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சாப் போதும். நாலு பேரைக் கூப்புட்டு அவளைக் கட்டிலோட மேட்டுக்குத் தூக்கிருவேன். தண்ணி வந்த பொறவு கூப்புட்டா எவன் வருவான்? அவனவன் பிள்ளையத் தூக்கிட்டுல்லா ஓடுவான்."

11.20. சுடலையுடன் சர்ச்கேட். டீ பத்து நயா பைசா. கோட்டைப் பகுதியில் ஓர் அரசு அலுவலகத்தில், புயல் எச்சரிக்கையைத் தந்தியில் பெறுவோர் பட்டியல் உண்டு. துறைமுகம், மில், எண்ணெய்க் கிடங்கு எல்லாம் அதில் இருக்கின்றன. சுடலை பெயருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார், ஆங்கிலத்தில்.

"கதவு எண்?"

"இல்லை."

"அப்படியானால் முடியாது. அங்கே தந்தி அனுப்பினால், அங்கே வீடு இருப்பதாக அரசு ஒப்புக்கொண்டதாகிவிடும். எண் உள்ள வேறு முகவரி உண்டா?"

மொழி புரியாவிட்டாலும், முடியாது என்பது சுடலைக்குப் புரிந்துவிட்டது.

மாலை 7.30. இந்த வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா என்று அக்காவின் கணவரிடம் கேட்டேன். அத்தான் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "வேற ஜோலி இல்லையா மாப்ளே? இன்னைக்குத் தந்தி, நாளைக்கு ரேஷன் கார்டு, அப்புறம் போலீஸ் இங்க வந்து நிக்கும். நம்ம அட்ரஸ் என்ன தர்ம சத்திரமா?" அக்கா ரசம் ஊற்றினாள். நானும் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வியாழன், 10.30. மீண்டும் சுடலையுடன் அதே அலுவலகம். அன்று எனக்கு மதராஸ் ரயில். என்னுடையதென்று சொல்ல ஒரே கதவு எண்தான், அதுவும் தூத்துக்குடியில். அதைக் கொடுத்தேன். பம்பாய்ப் புயலுக்கு ஏறக்குறைய எண்ணூறு மைல் தெற்கே முகவரியா என்று குமாஸ்தா கேட்கவில்லை. கட்டம் நிரம்பிவிட்டது, முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் சுடலை சிரித்தார். "இங்க புயலடிச்சா தூத்துக்குடிக்காரன் ஓடணுமாக்கும்?"

"வந்த உடனே அத்தானுக்குத் தந்தி அடிக்கேன். அவர் வந்து சொல்லுவார்."

"வருவாரா அண்ணாச்சி?"

"வருவார்" என்றேன்.

அந்த மழைக்காலம் முடியுமுன்பே தந்தி வந்தது, காலை 11.05க்கு. தூத்துக்குடியில் நல்ல வெயில். எங்கள் ஊரில் புயல் என்றால் துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏற்றுவார்கள். வீடில்லாதவரும் அண்ணாந்து பார்த்தால் போதும். அன்று கம்பம் வெறுமையாக நின்றது. என் கையிலிருந்த தாளில், பம்பாய்க் கரையில் இரவு பலத்த காற்று, கடல் ஏறும் என்றிருந்தது. 11.40க்கு மாட்டுங்காவுக்குத் தந்தி அடித்தேன்.

எட்டாம் நாள் அக்காவின் கடிதம் வந்தது. அத்தானுக்கு மதியம் இரண்டு மணிக்கே தந்தி கிடைத்துவிட்டதாம். மறுநாள் மாலை, மழை விட்ட பிறகு, தாராவிக்குப் போனாராம். கடைசி வரிசை இருந்த இடத்தில் தண்ணீர் நின்றதாம். யாரிடம் விசாரிப்பதென்று தெரியாமல், தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரும்பிவிட்டாராம்.